நிமிர்ந்து உட்காரு

என் மகளுக்குத் தலைவலி வந்த நாட்களை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். 2025 ஜூன் கடைசியில் ஆரம்பித்து செப்டம்பர் நடுவில் முடிகிறது அந்தக் கணக்கு. மொத்தம் 31 நாட்கள். ஒவ்வொரு தேதிக்கு எதிரேயும் ஒரு காரணம் எழுதியிருக்கிறேன். மழையில் நனைந்தாள். கணக்கு டெஸ்ட். டிபன் டப்பா அப்படியே திரும்பி வந்தது. டின் ஃபேக்டரி பக்கம் பஸ் 40 நிமிடம் நின்றது. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. காரணம் தேடுவதில் நான் ஒரு நாளும் அலுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த 31 தேதிகளில் ஒன்றுகூட ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பது மட்டும் மூன்று மாதமாக என் கண்ணில் படவில்லை. அந்த நோட்டு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. தூக்கிப்போட மனசு வரவில்லை.

எங்கள் வீடு பெங்களூர் ராமமூர்த்தி நகரில். ஸ்கூல் பஸ் 7.05-க்குத் தெருமுனைக்கு வந்துவிடும். அதனால் 6.20-க்கெல்லாம் அவள் சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். ஒரு அடுப்பில் இட்லி, இன்னொன்றில் பால், நடுவில் அவள் தலை. தோளுக்குக் கீழே முடி இருந்தால் இரட்டைச் சடை போட்டு, கறுப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்ட வேண்டும் என்பது பள்ளியின் விதி. அவளுக்கு முடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரை இருக்கும். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, சீப்பின் வால்முனையால் நெற்றியிலிருந்து பிடரி வரை நேர்வகிடு எடுத்து, ஒரு பாதியை ஒதுக்கிக் கட்டிவிட்டு, மறு பாதியைக் காதுக்கு மேலே கொத்தாகப் பிடித்து ஒரு இழுப்பு இழுப்பேன். அப்புறம் மூன்று கால் பிரித்துப் பின்ன ஆரம்பிப்பேன். "நிமிர்ந்து உட்காரு" என்று ஒரு தலைக்கு நாலைந்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவள் முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அழுததே இல்லை. "வலிக்குதும்மா" என்பாள். "இதோ முடிஞ்சிருச்சு" என்பேன். இரண்டு பேருமே அந்த வசனத்தைத் தினமும் சொன்னோம். தினமும் சொன்னதாலேயே அதற்கு அர்த்தம் இல்லாமல் போய்விட்டது என்று இப்போது தோன்றுகிறது.

போன வருடம் இதில் கோ-கோ வந்து சேர்ந்தது. 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்தது. இறுதி ஆட்டத்தில் நம் பெண்கள் அணி நேபாளத்தை 78-40 என்ற கணக்கில் வென்றதை வீட்டில் டிவியில் பார்த்தோம். ஆட்டத்தின் சிறந்த வீராங்கனை மைசூரு மாவட்டத்து சைத்ரா என்று அறிவித்ததும் என் மகள் சோபாமேல் ஏறி நின்றுவிட்டாள். ஜூனில் மூன்றாம் வகுப்பு தொடங்கிய முதல் வாரமே பள்ளி அணிக்குப் பெயர் கொடுத்தாள். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி, அதில் ஒன்று சனிக்கிழமை காலை. மற்ற மூன்று நாளும் 7.05-க்குப் போனால் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். பத்து மணி நேரத்துக்கும் மேல் அந்தச் சடை நிற்க வேண்டும்.

முதல் வாரம் நிற்கவில்லை. ஒரு பக்கம் அவிழ்ந்து, ரிப்பன் பையில், முடி முகத்தில் என்று வந்து இறங்கினாள். டைரியில், தலைமுடியைச் சுத்தமாகக் கட்டி அனுப்பவும் என்று ஒரு குறிப்பு வேறு. அந்த ஒரு வரி என்னை எப்படிக் குத்தியது என்று சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். தாயில்லாப் பிள்ளையைத் தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். எண்ணெய் காணாத தலை, பரட்டைத் தலை, தலைவார ஆளில்லையா என்றெல்லாம் கேட்பது குழந்தையைக் கேட்பதுபோல இருக்கும், உண்மையில் அம்மாவைத்தான் கேட்கிறார்கள். நான் காலையில் வேலைக்குப் போகிறவள். அந்தக் கேள்விக்கு எப்போதும் பதில் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற பதற்றம் எனக்குள் இருந்தது. மறுநாளிலிருந்து இன்னும் இறுக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

பலன் கிடைத்தது. காலையில் போன சடை சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது. ஓடி, விழுந்து, மண்ணில் புரண்டு, யூனிஃபார்ம் செங்கல் நிறமாகி வந்தாலும் சடை மட்டும் அசையாது. லிஃப்டில் மூன்றாவது மாடி ஆன்ட்டி, "எப்படி இவ்வளவு நீட்டா இருக்கு?" என்று கேட்ட அன்று சந்தோஷமாக இருந்தது. அன்றைய தேதியும் அந்த நோட்டில் இருக்கிறது.

ஜடெ பிச்சி நோடி

தலைவலி என்றால் முதலில் கண்ணைத்தான் பார்ப்போம் இல்லையா. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, பயிற்சி முடிந்த கையோடு கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்மணி விரிவதற்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடி உட்கார வைத்தார்கள். 40 நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து விட்டது ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அக்கா. என் மகளின் தாடையைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்தவர், மருந்து விட்ட பிறகும் கையை எடுக்கவில்லை. காதுக்கு முன்னால், பொட்டில், கட்டைவிரலால் லேசாகத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கன்னடத்தில், "ஜடெ தும்பா டைட் ஆகிதெ. பிச்சி நோடி" என்றார். சடை ரொம்ப இறுக்கமாக இருக்கிறது, அவிழ்த்துப் பாருங்கள். அடுத்த குழந்தைக்கு மருந்து விடப் போய்விட்டார்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யாரோ ஒருவர் என் கைவேலையைக் குறை சொல்லிவிட்டார் என்ற கோபம். ஆனாலும் வேறு வேலை இல்லை, காத்திருக்கத்தானே வேண்டும் என்று ரிப்பனை உருவினேன். ஒரு பக்கம் அவிழ்த்து விரலால் கோதிவிட்டேன். கண்ணை மூடியிருந்த என் மகள் ஒரு மூச்சு விட்டாள். அதுவரை அவள் அப்படி மூச்சு விட்டு நான் கேட்டதில்லை. காதோரம் தூக்கி வைத்திருந்த தோள்பட்டை இரண்டும் கீழே இறங்கின. அவை தூக்கி இருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மறு பக்கமும் அவிழ்த்தேன். டாக்டர் கூப்பிடுவதற்குள், கண்ணைத் திறக்காமலே, "அம்மா, போயிருச்சு" என்றாள். கண்ணில் ஒரு குறையும் இல்லை, கண்ணாடி தேவையில்லை என்றார் டாக்டர். நான் அவர் சொன்னதைப் பாதிதான் கேட்டேன்.

அன்று ராத்திரி ட்யூப்லைட்டுக்கு நேராக அவளை உட்கார வைத்துப் பார்த்தேன். இரண்டு பொட்டிலும் முடி வேர்களைச் சுற்றி ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்னப் புடைப்புகள். நெற்றி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி அடர்த்தி குறைந்து, அதற்கும் முன்னால் அறுந்த குட்டை முடிகள் மட்டும் வரிசையாக நின்றன. அவற்றைப் பிறந்த முடி என்று நினைத்து எண்ணெய் போட்டுப் படிய வைத்துக்கொண்டிருந்தவள் நான். பிறகு நோட்டை எடுத்தேன். காலண்டரோடு ஒப்பிட்டேன். ஞாயிறு இல்லை. ஆகஸ்ட் 15 இல்லை. விநாயகர் சதுர்த்தி விடுமுறை இல்லை. சனிக்கிழமைகள் இருந்தன, பயிற்சி இருந்த சனிக்கிழமைகள் மட்டும்.

இதற்கு மருத்துவத்தில் பெயரே இருக்கிறது. தலைவலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில், வெளியிலிருந்து இழுப்பதால் வரும் தலைவலி என்று தனியாக ஒன்று உண்டு. இழுப்பை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வலி போய்விட வேண்டும் என்பது அதன் அடையாளங்களில் ஒன்று. முடிக்கு உணர்ச்சி இல்லை, ஆனால் ஒவ்வொரு வேரையும் சுற்றி நரம்பு நுனிகள் இருக்கின்றன. லண்டனில் ஒரு நரம்பியல் மருத்துவர் 2004-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், குதிரைவால் போடும் 93 பெண்களைக் கேட்டபோது 50 பேர் அதனால் தலைவலி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கும் மேல். நெற்றியோர முடி போவதற்கும் பெயர் உண்டு, ட்ராக்‌ஷன் அலோபீசியா. இதை முதலில் எழுதி வைத்தது 1907-ல், கிரீன்லாந்துப் பெண்களைப் பார்த்து. உச்சியில் இழுத்துக் கட்டும் வழக்கம் அவர்களுக்கு. சீக்கிரம் விட்டுவிட்டால் முடி திரும்ப வரும். வருடக்கணக்கில் இழுத்தால் வேர் தழும்பாகி, வராமலே போகும். பனிக்கட்டி தேசத்தில் 1907-ல் தெரிந்துவிட்ட ஒன்று ராமமூர்த்தி நகர் சமையலறைக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

ஹாலில் உட்கார்ந்து பார்த்தது

சரி, தளர்வாகப் பின்னலாம் என்று மறுநாள் முடிவு செய்தேன். பத்து மணிக்கே அவிழ்ந்துவிட்டதாம். அடுத்த நாள் கொஞ்சம் இறுக்கினேன், தலைவலி. இறுக்கத்தைக் கூட்டிக் குறைப்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஒன்று செய்து பார்த்தேன். கண்ணாடி முன் நிமிர்ந்து நின்று, அவளுக்குப் போடுவதுபோலவே எனக்கு இரட்டைச் சடை போட்டுக்கொண்டேன். ஹாலுக்கு வந்து, கோ-கோவில் துரத்துகிறவர்கள் உட்காருவதுபோலக் குந்தி, கையை முன்னால் ஊன்றி, தலையைக் கவிழ்த்தேன். பிடரியில் சுரீர் என்று பிடித்து இழுத்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், என் குழப்பம் தீர்ந்தது இங்கேதான். தலையை நிமிர்த்தி வைத்திருக்கும்போது கழுத்தின் பின்பக்கத் தோல் சுருங்கி இருக்கிறது. அந்த நிலையில் பிடரி முடியை மேலே இழுத்துக் காதுக்கு மேல் கட்டினால், அந்த முடி சரியாக அந்தச் சுருங்கிய தூரத்துக்கு மட்டுமே போதுமானதாக இருக்கும். குழந்தை குனிந்தால் தோல் விரிகிறது, முடி விரியாது. அவள் எட்டுப் பேர் வரிசையில் ஒருத்தியாகக் குந்தி, எப்போது முதுகில் தட்டிக் கோ கொடுப்பார்கள் என்று தலை கவிழ்த்துக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தச் சடை அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. எழுதும்போதும் குனிகிறாள், சாப்பிடும்போதும். "நிமிர்ந்து உட்காரு, நிமிர்ந்து உட்காரு" என்று சொல்லிச் சொல்லி, நிமிர்ந்தே இருக்கும் ஒரு குழந்தைக்கு நான் பின்னிவிட்டிருக்கிறேன்.

இப்போது பிடரி முடியை எடுக்கும்போது தலையைக் குனியச் சொல்கிறேன். மடியில் ஒரு கதைப் புத்தகம் கொடுத்துவிட்டால் தானாகவே குனிந்துகொள்கிறாள். சடை தொடங்கும் இடத்தைக் காதுக்கு மேலிருந்து காதுமடலுக்குக் கீழே இறக்கினேன். இறக்கினால் பொட்டுப் பக்கத்து முடி வழுக்கி வெளியே வருமே? அதற்குத்தான் பிரெஞ்சு பின்னல். நெற்றிக்கு இரண்டு விரல் பின்னாலிருந்து மூன்று மெல்லிய காலாக ஆரம்பித்து, ஒவ்வொரு மடிப்புக்கும் பக்கத்திலிருந்து ஒரு கீற்று முடியைச் சேர்த்துக்கொண்டே கீழே வருவது. பாரத்தை ஒரே இடத்தில் தூக்காமல் தலை முழுக்கப் பகிர்ந்துகொள்கிறது. நெற்றியோரத்துக் குட்டை முடிகளைச் சேர்ப்பதே இல்லை, அவை பறக்கட்டும். இதையும் இறுக்கி இழுத்தால் பழைய கதைதான். இரண்டு விஷயத்தைப் பழகிக்கொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. ஒன்று, மூன்று காலும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். ஒன்று மெலிந்தால் மற்ற இரண்டும் அதன் வழியாக நழுவும். என் சடை அவிழ்ந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான், அதை நான் இறுக்கத்தால் ஈடுகட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு, பின்னும் கை தலையை ஒட்டியே, கீழ்நோக்கியே போக வேண்டும். முடியைத் தூக்கிப் பிடித்துப் பின்னினால் கையை விட்டதும் சடை தொங்கி, வேர்ப்பக்கம் தொளதொளத்துவிடும். பின்னி முடித்ததும் புருவத்தை உயர்த்தச் சொல்லிப் பார்க்கிறேன். பொட்டுத் தோல் கூடவே விறைத்தால் பிரித்து மறுபடியும் போடுகிறேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டாலும்.

ரிப்பன் ஒரு தனி விஷயம். வழுவழுப்பான சாட்டின் ரிப்பன் பார்க்க அழகு, ஓடினால் நழுவும். சிக்பேட்டையில் ஒரு கடையில் வரிவரியாக நெய்த ரிப்பன் கிடைத்தது, முடியைக் கவ்விக்கொள்கிறது. சடையின் பாதியில் அதையும் ஒரு காலோடு சேர்த்துப் பின்னிவிட்டால் கடைசியில் முடிச்சு தனியாக நிற்க வேண்டியதில்லை. மெல்லிய ரப்பர் பேண்டை நிறுத்திவிட்டேன், எடுக்கும்போதெல்லாம் நாலு முடியாவது அறுந்து கூடவே வந்தது. துணி சுற்றிய பேண்டுதான் இப்போது.

தலைக்குக் குளிப்பதையும் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றினேன். பெங்களூர்க் குளிரில் ஆறு மணிக்குக் குளித்தால் 6.20-க்கு எங்கே காய்வது? ஈரத்தோடு பின்னுவேன். ஈர முடி அதிகமாக இழுபடும், எளிதாக அறும். எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர், டேங்கர் தண்ணீர் இரண்டும் கலந்துதான் வரும். அந்த உப்புத் தண்ணீரில் அலசிய முடி நார்போல ஆகிவிடும், சீப்பு இறங்காது. குளிப்பதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் வைப்பதை மட்டும் அம்மா சொன்ன மாதிரியே விடாமல் செய்கிறேன். தேங்காய் எண்ணெய் முடிக்குள்ளேயே இறங்கி அதன் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயோ மினரல் ஆயிலோ அப்படிச் செய்வதில்லை என்று மும்பை ஆய்வாளர்கள் 2003-ல் எழுதியிருக்கிறார்கள். இதில் அம்மா சொன்னது சரி. சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டு மேலே போக வேண்டும், சிக்குக்கு மேலே முடியைக் கையில் பிடித்துக்கொண்டால் வேருக்கு வலி போகாது என்பதை நான் இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன்.

வகுப்பு டீச்சரிடம் நேரில் போய்ச் சொன்னேன். மடித்துக் கட்டுவதற்குப் பதில் இந்தப் பின்னல், அதே கறுப்பு ரிப்பன், தலைவலிதான் காரணம் என்று. தயங்காமல் சரி என்றார். கேட்காமல் பயந்துகொண்டிருந்தது நான்தான்.

ஏறு நெற்றி

கார்த்திகை தீபத்துக்கு அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் பேத்தி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, சடை இப்படித் தொளதொளன்னு கெடக்குது? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார். முன்னால் கொஞ்சம் முடி பறந்துகொண்டிருந்தது உண்மைதான். சடை அவிழவில்லை. நான் நடந்ததையெல்லாம் சொன்னேன். தலைவலி, கண் ஆஸ்பத்திரி, பொட்டில் முடி போனது. எல்லாம் கேட்டுவிட்டு, "அது அப்படியில்ல கண்ணு. நம்மூட்டுப் பொம்பளைகளுக்கே ஏறு நெத்திதான். எனக்குப் பாரு, உங்க அம்மாயிக்குப் பாரு" என்றார்.

நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஏறு நெற்றி, அது குடும்ப வாகு, படிப்பு நன்றாக வரும். அம்மாயிக்குப் பொட்டுப் பக்கம் முடியே கிடையாது, அம்மாவுக்கு அதில் பாதி, எனக்கு அதில் பாதி. அன்று ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு பழைய ஆல்பத்தை எடுத்தேன். மூன்று வயதில் கோபியில் ஸ்டுடியோவில் எடுத்த படம். பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்னால். நெற்றியில் பாதி வரை முடி விழுந்திருக்கிறது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட் படத்தில், இரட்டைச் சடை, ஏறு நெற்றி. இரண்டு படத்தை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. பரம்பரையும் இருக்கலாம். ஆனால் அம்மாயியின் கையிலிருந்து அம்மாவின் கைக்கும், அவர் கையிலிருந்து என் கைக்கும் வந்தது அந்த இழுப்பும்தானே. நெற்றி வந்த வழியும் கை வந்த வழியும் ஒன்றாகவே இருக்கிறது. எது எதனால் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. இதைத்தான் இத்தனை மாதமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மறுநாள் காலை நான் பின்னுவதை அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். கதைப் புத்தகத்தோடு பேத்தி குனிந்திருந்தாள். நான் கீற்று கீற்றாகச் சேர்த்துப் பின்னினேன். புருவத்தைத் தூக்கச் சொன்னேன், தூக்கிக் காட்டிவிட்டு அவள் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள். சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

"உனக்கும் நானு இப்படித்தான் வலிக்க வலிக்க இழுத்தனா?"

"ஆமாம்மா."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல கண்ணு."

"சொன்னேன்மா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. சீப்பில் சிக்கியிருந்த பேத்தியின் முடியை மெதுவாக உருவி, சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.